உண்டியலில் போட்ட சாவி

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை காலை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ரைட்டர் போன் செய்தார். தேர்தல் அறிவித்துவிட்டார்கள், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், வெள்ளிக்கிழமைதான் கடைசி என்றார். லைசென்ஸ் என் வீட்டுக்காரர் சுருளிராஜன் பேரில் இருக்கிறது. அவர் போனை எடுக்கவில்லை என்று என் நம்பருக்கு அடித்திருக்கிறார்.

"பூட்டு கீட்டு போட்டிருந்தா கழட்டிட்டுக் கொண்டாங்கம்மா. நம்பர் பாத்து, உள்ள காலியா இருக்கான்னு பாத்துத்தான் வாங்குவோம்."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் சாவி ஞாபகம் வந்தது. அந்தப் பூட்டின் சாவி ஆறு மாதத்துக்கு முன்னாலேயே குச்சனூர் சனீஸ்வரன் கோயில் உண்டியலுக்குள் போய்விட்டது. யாரும் திருடிப் போடவில்லை, தவறியும் விழவில்லை. நானேதான் போட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடமலைக்குண்டில் அரசுப் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். ஆசிட் வைத்திருக்கும் பீரோவின் சாவி இருபது வருஷமாக என் இடுப்பில்தான் இருக்கிறது. எத்தனையோ ஹெட்மாஸ்டர்கள் வந்து போய்விட்டார்கள், ஒரு பிள்ளை கையில் ஒரு சொட்டு ஆசிட் பட்டதில்லை. "உமாதேவி டீச்சர் பூட்டுனா எமனே வந்தாலும் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டாத்தான் திறப்பாக" என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். நான் டீச்சர் இல்லை, ஆனாலும் அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும். பூட்டிய பொருள் பத்திரமான பொருள், என் படிப்பு மொத்தமும் அவ்வளவுதான்.

துப்பாக்கி என் மாமனார் காலத்தது. ஒற்றைக் குழல். தோட்டத்தில் கடலையும் மக்காச்சோளமும் போடுகிறோம், மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் இரண்டு நாளைக்கு வராது. அதற்குத்தான் அந்தத் துப்பாக்கி. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்கும். அதன் மேலேயே சட்டையை மாட்டுவார்கள், துண்டை மாட்டுவார்கள். குடைக்குக் கொடுக்கிற மரியாதைதான் அதற்கும்.

போன வருஷம் ஆடி மாதம் எங்கள் மகன் அஜய்குமார் போய்விட்டான். இருபத்தோரு வயது. டிகிரி முடித்ததும் பைக் கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன் நான். அவன் அப்பா எனக்குத் தெரியாமல் வாங்கி வந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். ஆறு வாரம் ஓட்டினான். கண்டமனூருக்கு ரோடு பிரிகிற விலக்குப் பக்கம் ஒரு லாரி.

எனக்கு வாய் அதிகம். கோபம் வந்தாலும் கத்துவேன், துக்கம் வந்தாலும் கத்துவேன். பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள், வீடு கொள்ளாத கூட்டம். அத்தனை பேர் முன்னால் நான் அவர் சட்டையைப் பிடித்து, "சாவியைக் கையில குடுத்து எம்பிள்ளையச் சாகடிச்சிட்டீகளே" என்றேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் தினமும் துப்பாக்கியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார்.

"சுடாத துப்பாக்கிய எதுக்கு இந்தத் தொடை தொடைக்கிறீக?"

"துரு ஏறிரும்."

ஆவணி மாதம் ஒரு மத்தியானம் தலைவலி என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடியில் கிடந்தது. எண்ணெய்த் துணி கையில் இருந்தது, ஆனால் துடைக்கவில்லை. குழலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாகத் துடைத்தார்.

இதை யாரிடம் சொல்வேன்? என் புருஷன் இப்படி நினைக்கிறார் என்று என் வாயாலேயே ஒருத்தரிடம் சொல்வதா? நாக்கு வரவில்லை. பிள்ளையை வாரிக் கொடுத்த வீடு என்று ஏற்கெனவே பார்க்கிறவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டுகிறார்கள். இதையும் சொன்னால் அவரை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்? வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும், பூட்டுக்கு ஏற்பாடு செய்வோம் என்று முடிவு செய்தேன்.

தேனி பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான் ஜாஸ்பர். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். எங்கள் மோட்டாருக்குப் பைப்பிலிருந்து வாசல் கதவுத் தாழ்ப்பாள் வரைக்கும் அவன் கடைச் சரக்குதான். என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பான், என்னை மதினி என்பான். அவனிடம் போய், "ஆயுத பூஜை லீவுக்கு நாத்தனார் பிள்ளைக வருதுக தம்பி. வாலுப் பிள்ளைக. துப்பாக்கியத் தொடாம இருக்க ஒரு பூட்டு வேணும்" என்றேன். நாத்தனார் பிள்ளைகளில் மூத்தவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான்.

ஜாஸ்பருக்கு ரொம்ப சந்தோஷம். "நூறு வீட்டுல ஒரு வீட்டுலகூட இப்படி யோசிக்க மாட்டாக மதினி. ஆணியில தொங்கவிட்டு அழகு பாப்பாக" என்றான். மதுரையில் துப்பாக்கி விற்கிற கடையில் சொல்லி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கே கொண்டுவந்தான். பூட்டு இரண்டு துண்டாக இருந்தது. விசைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்து அமுக்கிச் சாவியைத் திருப்பினால் இறுகிக்கொள்ளும், விசையில் விரல் போகாது. முதலில் குழலை மடக்கிப் பின்வாயைத் திறந்து, என்னையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்துக்கங்க மதினி, உள்ள காலி. தோட்டா உள்ள இருக்கும்போது மட்டும் இந்தப் பூட்டப் போடவும் கூடாது, கழட்டவும் கூடாது. பூட்டு உரசியே வெடிச்சிரும். தோட்டாவையும் துப்பாக்கியையும் ஒரே இடத்துல வைக்காதீக."

பதினோரு தோட்டா இருந்தது. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். துப்பாக்கியை அவர் பீரோவில் வைக்கச் சொன்னான். நான் காபி போட்டு எடுத்து வந்ததும் பூட்டின் சாவியை என்னிடம் நீட்டினான். அவர் எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தப் பிள்ளைகள் வருகின்றன என்று கேட்கவே இல்லை.

சாவியை எங்கே வைத்தாலும் எனக்கு நிம்மதி இல்லை. அரிசிப் பானைக்குள் வைத்தேன், கைப்பையில் வைத்தேன், ஒரு வாரம் லேப்பில் கூட வைத்தேன். எங்கே வைத்தாலும் அவர் பார்வை அங்கேயே போகிற மாதிரி இருந்தது. புரட்டாசி சனிக்கிழமை குச்சனூருக்குப் போனேன். எள் விளக்குப் போட்டேன். உண்டியலுக்கு முன்னால் நின்றபோதுதான் தோன்றியது, உண்டியலில் விழுந்தது சாமி சொத்து, மனுஷனுக்குத் திரும்பி வராது. கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துப் போட்டுவிட்டேன். என் பிள்ளையைத்தான் எடுத்துக்கொண்டாய், இதை நீயே வைத்துக்கொள், இதற்கு மேல் என் வீட்டுப் பக்கம் வராதே என்று சனீஸ்வரனிடம் சண்டை போடுகிற மாதிரிதான் சொன்னேன். வெளியே வந்து ஒரு இளநீர் குடித்தேன். ஆடிக்குப் பிறகு அன்றுதான் எனக்கு ஒரு பொருள் ருசித்தது.

அதன் பிறகு நன்றாகத் தூங்கினேன். அவரும் கார்த்திகைக்கு மேல் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். மாசியில் சோறு இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டார். சனீஸ்வரனுக்குக் கைமேல் பலன் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதம் அப்படி முட்டாளாக இருந்திருக்கிறேன்.

ரைட்டர் போன் செய்த அன்றே லீவு போட்டுவிட்டுத் தேனிக்கு பஸ் ஏறினேன். பூட்டை அறுத்து எடுக்க முடியுமா என்று ஜாஸ்பரிடம் கேட்க வேண்டும். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

"எதுக்கு மதினி அறுக்கணும்? இன்னொரு சாவி அண்ணாச்சிகிட்ட இருக்குல்ல" என்றான் ஜாஸ்பர், ஒரு ஆளுக்கு ஆணி நிறுத்துக்கொண்டே.

"எந்தச் சாவி?"

"பூட்டுக்கு ரெண்டு சாவி வந்துச்சு. நீங்க காபி போடப் போனப்ப ஒண்ண அண்ணாச்சி கையில குடுத்தேன். லைசென்ஸ் அவர் பேர்ல, சாவி அவர்கிட்டயும் இருக்கணும்ல. அப்பவே அருணாக்கயித்துல கட்டிக்கிட்டாரே."

ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி வரும் என்று தெரியாதவளா நான்? ஆசிட் பீரோவுக்கு இரண்டாவது சாவி ஹெட்மாஸ்டர் மேஜையில் இருக்கிறது, வருஷா வருஷம் நான்தான் அதைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குகிறேன். அப்படிப்பட்டவள் இதைக் கேட்கவில்லை. உண்டியலில் சாவி விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு ஆறு மாதம் காலை நீட்டித் தூங்கியிருக்கிறேன். அவ்வளவு நாளும் இன்னொன்று அவர் இடுப்பிலேயே இருந்திருக்கிறது.

கடையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆணி வாங்க வந்தவன் போகும்வரை பொறுத்திருந்து, ஜாஸ்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார் பிள்ளைகள் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

அவன் முகம் கறுத்துவிட்டது. சத்தம் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பிள்ளையப் பறிகொடுத்த மனுசன் கையில நானே சாவியக் குடுத்திருக்கேன் மதினி. அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பூட்டே வேணாம்னிருப்பேன். துப்பாக்கிய அந்த மதுரைக் கடையிலயே ஒப்படைச்சு வச்சிருக்கலாம், அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. பூட்டு பிள்ளைகளுக்குத்தான் மதினி. சாவி வச்சிருக்க ஆளுக்கு அது பூட்டா?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு தம்பி."

கடையைச் சாத்திவிட்டு என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வழியில் மூன்று முறை அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. காலையில் ரைட்டர் அடித்தபோதும் எடுக்கவில்லை. கண்டமனூர் விலக்கு வந்ததும் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன், அன்றைக்கு அதுகூட மறந்துபோனது. எந்தச் சாமியையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. அவர் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"போன எடுக்க மாட்டீகளா?"

"சார்ஜ் இல்ல. என்ன, ரெண்டு பேரும் சேந்து வாரீக?"

தேர்தல் விஷயத்தை ஜாஸ்பர் சொன்னான். துப்பாக்கியைக் கொண்டு வாருங்கள் அண்ணாச்சி, பூட்டைக் கழற்றிவிடலாம் என்றான். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து கட்டில்மேல் வைத்தார், வைக்கும்போது குழல் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்தார். வேட்டி மடிப்பை விலக்கி இடுப்புக் கயிற்றில் இருந்த சாவியை அவிழ்க்கப் போனார்.

"இருங்க அண்ணாச்சி. கழட்டுறதுக்கு முன்னாடி உள்ள பாத்துருவோம்."

ஜாஸ்பர் துப்பாக்கியை எடுத்து, பூட்டு இருக்க இருக்கவே குழலை மடக்கினான். பின்வாய் திறந்தது. உள்ளே தோட்டாவின் பித்தளைப் பக்கம் மின்னியது.

அன்றைக்குக் காலி என்று எனக்குக் காட்டியவனே அவன்தான். நகத்தால் தோட்டாவை வெளியே இழுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் என் பீரோவைத் திறந்து பிஸ்கட் டின்னைக் கொட்டினேன். பதினொன்று இருந்தது. இது பன்னிரண்டாவது.

"மோட்டார் ரூம்ல ஒண்ணு கிடந்துச்சு" என்றார் அவர். "பன்னி வெரட்டப் போறப்ப எப்பவோ வச்சது."

"எப்பப் போட்டீக?"

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "தை கடைசியில. அவன் பொறந்தநாளன்னைக்கு."

அன்றைக்கு பிளஸ் டூ பிராக்டிகல் எக்ஸாம், நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். வீட்டில் இருந்தால் அழுகை வரும் என்று போனேன். அவரைத் தனியாக விட்டுவிட்டுத்தான் போனேன்.

"பூட்டு இருக்கயிலயே தோட்டா உள்ள போயிருச்சு" என்றார். தரையைப் பார்த்துத்தான் பேசினார். "பூட்டத்தான் தெறக்க முடியல. கை ஆடுது. சாவி ஓட்டைக்குள்ள போகவே மாட்டேங்குது, போனாலும் திரும்ப மாட்டேங்குது. ரெண்டு தரம் கீழ விழுந்துச்சு. கட்டிலுக்கடியில குனிஞ்சு தேடிக்கிட்டிருக்கேன். அப்பத்தான் நீ போன் பண்ணுன."

"நானா?"

"சந்தைக்குப் பச்ச மொச்ச வந்திருக்காம், மொச்ச வாங்கவா கத்தரிக்கா வாங்கவான்னு கேட்ட."

எனக்கு அப்படி ஒரு போன் செய்த ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எக்ஸாமுக்கு நடுவில் சந்தைக்குப் போய்வந்த யாரோ சொல்லியிருப்பார்கள், நான் அடித்திருப்பேன். அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு வைத்தேன் என்பதுகூட மறந்துவிட்டது.

"நான் மொச்சைன்னேன். நீ ஒரைக்க வைக்கவா, புளி தூக்கலா வைக்கவான்னு கேட்டுக்கிட்டே போன. கோவமே இல்லாம பேசுன. ஆடியில இருந்து நீ எங்கூட அப்படிப் பேசல." பீரோவைக் கையால் காட்டினார். "அப்பறம் தூக்கி உள்ள வச்சிட்டேன். தோட்டாவ எடுக்கத் தொட முடியல. அப்படியே கெடந்துச்சு."

ஜாஸ்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆடி மாதத்திலிருந்து என் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு அத்தன பேர் முன்னால நான் சொன்னது தப்பு. அவன் கேட்டான், நீங்க வாங்கிக் குடுத்தீக. எங்கிட்ட இன்னும் நாலு தரம் கேட்டிருந்தா நானும்தான் வாங்கிக் குடுத்திருப்பேன்."

அவர் அழுதார். இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து என் மடியில் வைத்தார். அதை நான் எந்தச் சாமிக்கும் போடவில்லை. ஜாஸ்பரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். அவன் பூட்டைக் கழற்றி, காலிக் குழலை எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினான்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை, அன்று மத்தியானமே மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ரைட்டர் நம்பரைப் பார்த்து ரசீது எழுதிக் கொடுத்தார். "எலெக்சன் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கங்க" என்றார்.

"வேணாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்ன வேணாம்?"

"திருப்பி வேணாம். லைசென்ஸையும் சேத்து ஒப்படைச்சிர்றேன்."

அதற்குக் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுத வேண்டும் என்றார் ரைட்டர். ஜாஸ்பர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவை நிறுத்தினேன். மறுபடியும் நாத்தனார் பிள்ளைகளைக் கூப்பிடுகிற புத்தி எனக்கு வந்தது, அதை மறைக்க மாட்டேன். அவரே சொன்னார், "வீட்டுல இருந்தா எனக்கு ஆகாதுன்னு எழுது." அப்படியே எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

மறு வாரமே தேனியில் ஒரு டாக்டரிடம் ஜாஸ்பர் கூட்டிப்போனான். மாத்திரை சாப்பிடுகிறார், பதினைந்து நாளுக்கு ஒரு தரம் போய்ப் பேசிவிட்டு வருகிறார். அந்த ஆணியை நானே பிடுங்கி எறிந்தேன். சுவரில் ஓட்டை அப்படியே இருக்கிறது. பயம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. தோட்டத்தில் கிணறு இருக்கிறது, ரோட்டில் லாரி ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் நான் பூட்டுப் போட முடியாது என்று இப்போது தெரியும், தெரிந்தபிறகு தூக்கம்தான் குறைந்திருக்கிறது.

தினமும் பதினொன்றே முக்காலுக்கு, லேப்பில் பெல் அடித்ததும் அவருக்குப் போன் செய்கிறேன். என்ன குழம்பு வைக்க என்று கேட்பேன். எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இன்றைக்கு ஐந்து ரிங் போனது. ஆறாவது ரிங்குக்கு நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டேன்.

எடுத்தார். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மொச்ச கெடைக்குமா பாரு" என்றார்.

சித்திரையில் எங்கே பச்சை மொச்சை கிடைக்கும்? சாயங்காலம் காய்ந்த மொச்சை ஒரு கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.